இருநூற்றுப் பன்னிரண்டு வெற்றுத் தட்டுகள்

ஜனவரி 9, 2018, செவ்வாய்

இன்றைக்கும் ஆய்வகத் தட்டுகளில் ஒன்றும் முளைக்கவில்லை. என் அடுக்களைத் தட்டுகள்கூட இவ்வளவு சுத்தமாக இருந்ததில்லை. போன பிப்ரவரியில் தொடங்கியதிலிருந்து இதோடு இருநூற்றுப் பன்னிரண்டு. வேறு யாராக இருந்தாலும் தலையில் கைவைத்து உட்கார்ந்திருப்பார்கள். எனக்கோ வெறும் தட்டைப் பார்த்தால்தான் சோறு இறங்குகிறது.

ஏனென்றால் என் ஆய்வேடே அதுதான். தமிலோக் அலையாத்தி மரத்தைக் குடைந்து தின்கிறது. புழு என்கிறோம், உண்மையில் சிப்பி வகை. ஆனால் மரத்தைச் செரிக்கும் திறமை அதற்குச் சொந்தமாகப் போதாது. அதன் செவுளுக்குள் குடியிருக்கும் பாக்டீரியாதான் மரத்தைக் கரைக்கிற சாற்றைச் செய்து வயிற்றுக்கு அனுப்புகிறது. தீவின் மேற்குக் கரை ஆய்வு நிலையத்தில் அவர்கள் ஊர் தமிலோக்கின் செவுளை அரைத்துத் தட்டில் தடவினால் பத்து நாளில் புள்ளி புள்ளியாக முளைக்கிறது. எங்கள் விரிகுடாத் தமிலோக்கிலும் பாக்டீரியா இருக்கிறது. மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் திருவிழாக் கூட்டம். தட்டில் தடவினால் ஒன்றுகூடப் பிழைப்பதில்லை. ஆகவே எங்கள் ஊர் பாக்டீரியா தமிலோக்கோடு வாழ்ந்து வாழ்ந்து, வெளியே தனியாக வாழவே மறந்துவிட்டது. நானும் என் நெறியாளர் டாக்டர் மக்பனுவாவும் இதை நவம்பரில் கட்டுரையாகவே வெளியிட்டுவிட்டோம். ஏப்ரல் 12-ல் எனக்கு வாய்மொழித் தேர்வு. முப்பத்தெட்டு வயதில் டாக்டர் பட்டம். பட்டம் கையில் இருந்தால் ஜூனில் கல்லூரியில் விரிவுரையாளர் வேலை.

அண்ணன் வழக்கம்போல் செவ்வாய்க்கிழமை ஊரிலிருந்து வேனில் ஆய்வகத்துக்கு வந்தான். மடியில் ஐஸ் பெட்டி, பெட்டிக்குள் ஜாடி, ஜாடிக்குள் கடல்நீரில் ஐந்து தமிலோக். ஒவ்வொன்றும் முழங்கை நீளம், பளபளவென்று. மரத்தோடு கொண்டுவரச் சொன்னால் வேன்காரன் ஏற்ற மாட்டான், சேறு வழியும். அதனால் அங்கேயே உடைத்து எடுத்து வருகிறான்.

“தலையக் கிள்ளல. வயித்தப் பிதுக்கல. நீ சொன்னபடியே கொண்டாந்திருக்கேன்” என்று காவலாளிக்கும் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டுப் போனான். வாரா வாரம் சொல்வான்.

ஜனவரி 14, ஞாயிறு

எங்கள் ஊர் ஆற்றுமுகத்துக்குப் போய் வந்தேன். பூசையில் பாதர் என் பாக்டீரியாவைப் பிரசங்கத்தில் சேர்த்துவிட்டார். “நம்ம விரிகுடாவோட சின்னஞ்சிறு உசுருக்குக்கூட இங்க விட்டு வேற இடத்துல வாழத் தெரியல. நம்ம பசங்க மணிலாவுக்கு ஓடுறாங்க.” எனக்கு பெஞ்சுக்கு அடியில் போய்விடலாம் போல் இருந்தது. அண்ணன் மட்டும் முன்வரிசையிலிருந்து திரும்பித் திரும்பி எல்லோர் முகத்தையும் பார்த்தான்.

கட்டுரையின் கடைசியில் “மாதிரிகளைச் சேகரித்துத் தந்தவர்: தியோபிலோ டகும்போய்” என்று ஒரு வரி. அச்சில் தன் பெயரை அவன் பார்த்தது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. வாக்காளர் பட்டியலைச் சேர்க்கக் கூடாது என்று அவனே சொல்கிறான்.

மதியம் வெங்காயம், மிளகாய், சின்ன எலுமிச்சையோடு தமிலோக். ஒன்பது தின்றேன். வெட்கமே இல்லை.

ஜனவரி 22

செபுவிலிருந்து வெளித்தேர்வாளர் கடிதம். இன்னும் இருபது தமிலோக்கை “வேறொருவர் கையால்” செய்து காட்ட வேண்டுமாம். குறை சொல்லாவிட்டால் அந்த மனிதருக்குத் தூக்கம் வராது போலிருக்கிறது. டாக்டர் உடனே ஓர் ஆளைப் பிடித்துவிட்டார். ஜோவிட்டா. வடக்கே மலைநாட்டுக்காரி. இருபது வயதில்தான் கடலையே பார்த்தாளாம். தமிலோக்கைத் தின்றதில்லை, பார்த்ததுமில்லை. படத்தைக் காட்டினேன். “ஐயோ, இதையா அக்கா சாப்பிடுறீங்க?” என்று நாற்காலியைப் பின்னால் நகர்த்திக்கொண்டாள்.

ஜனவரி 23, செவ்வாய்

இன்று ஜாடியைத் திறந்தது ஜோவிட்டா. திறந்தவள் அப்படியே மூடிவிட்டாள்.

“அக்கா, உங்க அண்ணன் ஜாடிய மாத்திக் கொண்டாந்துட்டாரு. இது ஊறுகா ஜாடி.”

நான் எட்டிப் பார்த்தேன். ஐந்து தமிலோக். “ஊறுகாயும் இல்ல ஒண்ணும் இல்ல, தமிலோக்தான்.”

“வினிகர் வாசன மூக்கத் துளைக்குதே!”

“தமிலோக்னா அந்த வாசனதான்டி” என்றேன். வீட்டுக்கு வருகிற வரை சிரித்துக்கொண்டே வந்தேன்.

ஜனவரி 25

ஜோவிட்டா விடுவதாக இல்லை. டாக்டரிடமே கேட்டுவிட்டாள். அவர் எங்கள் கரையில் பிறந்தவர். ஜாடியை முகர்ந்து பார்த்துவிட்டு, “சரியாத்தான் இருக்கு. தமிலோக் வாசன” என்றார். பிறகு என்னைப் பார்த்துக் கண்ணடித்து, “மலைக்காரி மூக்கு” என்றார். அவளும் சிரித்தாள். ஆனால் நோட்டில் என்னவோ எழுதி வைத்துக்கொண்டாள்.

ஜனவரி 30, செவ்வாய்

என்னால் ஒழுங்காக எழுத முடியுமா என்று தெரியவில்லை. எழுதாவிட்டால் நாளைக்கு நானே நம்ப மாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை கோடரி நழுவி அண்ணன் இடது உள்ளங்கையில் வெட்டு. ஏழு தையல். அதனால் அண்ணி பெனிக்னா ஒரு மரத்துண்டை அப்படியே சாக்கில் கட்டி மீன் லாரியில் ஏற்றிவிட்டாள். போனில், “அவரால முடியல. உடைக்கிறத நீங்களே உடைச்சுக்குங்க” என்றாள். ஜோவிட்டா பின்கட்டில் உளியும் சுத்தியலும் வைத்துக்கொண்டு அரைமணி நேரம் மல்லுக்கட்டி முதல் தமிலோக்கை உருவினாள். உருவியவள் அங்கிருந்தே கத்தினாள்.

“அக்கா! இங்க வாங்க. மோந்து பாருங்க.”

முகர்ந்தேன். சேறு. ஈர மரம். ஆற்றுத் தண்ணீர். அவ்வளவுதான்.

எனக்குச் சளி என்றேன். சளி இல்லை. இன்னொன்று உருவச் சொன்னேன். சேறு, ஈர மரம். மூன்றாவது. நான்காவது. அதற்குள் ஜோவிட்டா உள்ளே போய் லிட்மஸ் தாளை எடுத்து வந்திருந்தாள். மரத்துத் தமிலோக்கின் மேல் வைத்தாள். நீலம் நீலமாகவே இருந்தது. போன வாரத்து ஜாடித் தண்ணீர் ஃப்ரிட்ஜில் மிச்சம் இருந்தது. அதில் நனைத்தாள். சிவந்தது.

நான் போய் இன்னொரு தாளை எடுத்து நானே நனைத்தேன். அதுவும் சிவந்தது.

எனக்குத் தமிலோக் என்றால் வினிகர் வாசனைதான். பல் முளைத்த நாளிலிருந்து, வினிகர் படாத தமிலோக் ஒன்றை நான் மூக்குப் பக்கம் கொண்டுபோனதே இல்லை. எங்கள் கரையில் யாருமே கொண்டுபோனதில்லை. பதினோரு மாதம் வாரா வாரம் அந்த ஜாடியைத் திறந்திருக்கிறேன். சந்தேகம் வரவில்லை. வீட்டு வாசனை என்று நினைத்தேன்! நினைக்கக்கூட இல்லையே, நினைத்திருந்தால்தான் தெரிந்திருக்குமே.

அண்ணனுக்குப் போன் போட்டேன். கை எப்படி இருக்கிறது என்று கேட்டேனா? கேட்கவில்லை. இப்போதுதான் உறைக்கிறது.

“அண்ணே, எடுத்தவுடனே தமிலோக்க என்ன பண்ணுவ?”

“ஜாடியில போடுவேன்.”

“அதுக்கு முன்னாடி?”

“கழுவுவேன்.”

“எதுல?”

“இதென்ன கேள்வி? வினிகர்லதான். வேற எதுல கழுவுவாங்க? வழுவழுன்னு இருக்கும்ல, நல்லா பத்து நிமிசம் ஊறப்போட்டு, ரெண்டு அலசு அலசிட்டுதான் கடத்தண்ணியில போடுவேன். நம்ம தென்ன வினிகர், கடைச் சரக்கு இல்ல.” பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டான். “ஏன், சரியா கழுவலியா? டாக்டர் ஏதாச்சும் சொன்னாரா?”

இல்லை, நன்றாகத்தான் கழுவியிருக்கிறாய் என்றேன்.

தலையைக் கிள்ளாதே, வயிற்றைப் பிதுக்காதே, வெயிலில் வைக்காதே, நல்ல தண்ணீரில் போடாதே. எல்லாம் சொன்னேன். வினிகரில் கழுவாதே என்று சொல்லவில்லை. யார்தான் சொல்வார்கள்? மூச்சு விடாதே என்று யாராவது சொல்லி வைப்பார்களா?

ஜனவரி 31

என் பாக்டீரியாவை நான் பட்டினி போட்டுக் கொல்லவில்லை. வினிகரில் ஊறப்போட்டுக் கொன்றிருக்கிறேன். மைக்ராஸ்கோப்பில் பார்த்த திருவிழாக் கூட்டமெல்லாம் பிணம்.

பிப்ரவரி 1

மரத்திலிருந்து எடுத்த பத்துத் தமிலோக்கின் செவுளையும் அன்றே பத்துத் தட்டில் தடவி வைத்தாயிற்று. தடவியது ஜோவிட்டா, எந்தக் கோட்டில் என்று சொன்னது மட்டும் நான். பத்து நாள் ஆகும். டாக்டர் மணிலாவில் கூட்டத்துக்குப் போயிருக்கிறார், பன்னிரண்டாம் தேதிதான் வருவார்.

“நான் யார்கிட்டயும் வாயத் தொறக்கல அக்கா” என்றாள் ஜோவிட்டா. நான் கேட்காமலே சொன்னாள். அப்படியானால் என் மூஞ்சியைப் பார்த்தே தெரிந்திருக்கிறது.

முளைக்காமலும் போகலாம் இல்லையா? வினிகர் பட்டும் முளைக்கவில்லை, படாமலும் முளைக்கவில்லை என்றால் நான் சொன்னது சரிதான். முளைக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டிருக்கிறேன். பாக்டீரியா வளர்க்கச் சம்பளம் வாங்குகிறவள் செய்கிற வேண்டுதலா இது?

பிப்ரவரி 6, செவ்வாய்

அண்ணன் கைக்கட்டோடு வந்துவிட்டான். ஒற்றைக் கையால் ஐந்து தமிலோக். “ஒரு வாரம் விட்டுப் போச்சே, உன் கணக்கு கெட்டுறக் கூடாதுன்னு வந்தேன்.” ஜாடியை நீட்டினான். திறக்காமலே வாசனை வந்தது. அது எப்படி இத்தனை நாள் எனக்கு வராமல் இருந்தது?

சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வாங்கிக்கொண்டு, வேனுக்கு நேரமாகிறது என்று அவனை அனுப்பிவிட்டேன்.

பிப்ரவரி 8

ஒன்பதாம் நாள். ஒன்றும் இல்லை. கடவுளே, ஒன்றும் இல்லை.

பிப்ரவரி 9

மூன்றாம் தட்டில் ஒரு புள்ளி. கடுகில் பாதி. தூசி என்றேன். ஜோவிட்டா விளக்கைச் சாய்த்துப் பிடித்தாள். பக்கத்தில் இன்னொன்று. அதற்குக் கீழே வரிசையாக நான்கு, நான் தடவச் சொன்ன கோட்டிலேயே. தூசி கோடு பிடித்து விழாது.

பிப்ரவரி 11

பத்துத் தட்டில் ஒன்பதில் முளைத்திருக்கிறது. தட்டில் போட்ட ஒரே சாப்பாடு மரத்தூள் மாதிரியான நார்ப்பொடி. அதைக் கரைத்து, ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் வளையம் போட்டிருக்கிறது. அழகாக இருக்கிறது. எழுதவே வெறுப்பாக இருக்கிறது, ஆனால் அழகாகத்தான் இருக்கிறது.

தனியாக வாழத் தெரியாதாம்! யாருக்குத் தெரியாது? எனக்குத்தான் தெரியாது. மேல்படிப்புக்கு வெளியே போகச் சொன்னபோதெல்லாம் போகாதவள் நான். ஊரைவிட்டு ஒன்றும் பிழைக்காது என்று ஒரு பாக்டீரியா சொன்னதும் எவ்வளவு சீக்கிரம் நம்பியிருக்கிறேன்.

பிப்ரவரி 12

டாக்டரிடம் சொன்னேன். முதலில் தட்டுகளைக் காட்டினேன். முகம் மலர்ந்தது. “எந்தக் கர?” என்றார். நம் கரை என்றேன். பிறகு வினிகரைச் சொன்னேன்.

அவர் கோபப்படவில்லை. ஜாடியை எடுத்து வரச் சொன்னார். முகர்ந்தார். கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு தடவை முகர்ந்தார். ஜோவிட்டாவைப் பார்த்து, “இதுல வினிகர் வாசன வருதாம்மா?” என்றார்.

“தூக்கலா வருது டாக்டர்.”

“எனக்கு வரலியே” என்றார். அறுபத்தொரு வயது மனிதர், கடல் உயிர்களோடு முப்பத்தைந்து வருடம். ஜாடியை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

பிப்ரவரி 14

சாம்பல் புதன். நெற்றியில் சாம்பல் சிலுவையோடு டாக்டர் என்னைக் கூப்பிட்டார். கட்டுரையைத் திரும்பப் பெறுகிறோம், வாய்மொழித் தேர்வையும் நிறுத்தி வைக்கக் கடிதம் எழுதிவிட்டேன் என்றார். நான் தலையாட்டினேன். இது தெரிந்ததுதான்.

பிறகு திரும்பப் பெறும் அறிவிப்பை நீட்டினார். நான்கு வரி. மூன்றாவது வரி: “உள்ளூர்ச் சேகரிப்பாளர் ஒருவர் அறியாமையால் மாதிரிகளை வினிகரில் கழுவியது பின்னர் தெரியவந்தது.”

“இதுல என்ன பொய் இருக்கு மெடிங்? உள்ளதத்தான எழுதியிருக்கேன்” என்றார்.

பொய் இல்லை. ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. கையெழுத்துப் போடாமல் தாளை மடித்து எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

பிப்ரவரி 16

சண்டை. டாக்டரிடம் நான் குரல் உயர்த்துவேன் என்று நேற்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

“அறியாமையா? யாரோட அறியாம? அவன் படகோட்டி, டாக்டர். தமிலோக்க எப்படிக் குடுக்கணும்னு அவனுக்குத் தெரிஞ்சத செஞ்சான். நான் படிச்சவ. நீங்க என்னயவிடப் படிச்சவரு. ஜாடிக்குள்ள மூக்க விட்டுட்டு ‘சரியா இருக்கு’ன்னு சொன்னது யாரு?”

“கத்தாத.”

“கத்தாம எப்படி? பழிய எங்கண்ணன் தலையில தூக்கி வச்சிட்டு நாம ரெண்டு பேரும் வீட்டுக்குப் போறதா?”

அவர் பேனாவை மூடினார். “அப்ப நீயே எழுது” என்றார். பிறகு, நான் கதவருகே போனதும், “வினிகர் வாசனையே தெரியலன்னு எழுதினா உலகமே சிரிக்கும். அதையும் யோசிச்சுக்க” என்றார். சிரிக்கட்டும்.

பிப்ரவரி 20, செவ்வாய்

அண்ணனைக் கை ஆறும்வரை வர வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். காரணம் சொல்லவில்லை. அவனை முகத்துக்கு நேராகப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை, அதுதான் காரணம்.

என் வரி: “சேகரிப்பின்போது மாதிரிகள் மேல் வினிகர் பட்டுவிட்டது. இது முழுக்க ஆசிரியர்களின் தவறு.” அண்ணன் இல்லை. சேகரிப்பாளர் என்ற சொல்லே இல்லை. டாக்டர் கையெழுத்துப் போட்டார். அனுப்பியாயிற்று.

மார்ச் 2

கல்லூரியிலிருந்து கடிதம். விரிவுரையாளர் இடத்துக்கு வேறு ஆளைப் பார்க்கிறார்களாம். “தங்கள் நேர்மையைப் பாராட்டுகிறோம்” என்று ஒரு வரி. பாராட்டை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

மார்ச் 11, ஞாயிறு

நான் நினைத்தது ஒன்று, நடந்தது ஒன்று.

ஆற்றுமுகத்துக்குப் போய் அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அண்ணி வலை பிரித்துக்கொண்டிருந்தாள், நிறுத்திவிட்டாள். பதினோரு மாதம் என்றதும் அண்ணன் தையல் போட்ட கையைப் பார்த்துக்கொண்டான். “எல்லாமா? இருநூத்துச் சொச்சமும் நான் கழுவுனதாலயா?” என்றான். முகம் வெளுத்துவிட்டது. அவன் உடைந்துபோவான் என்று எனக்குத் தெரியும், அதற்குத் தயாராகத்தான் போயிருந்தேன்.

“உன் மேல யாரும் பழி போடல அண்ணே. பாரு” என்று அறிவிப்பை எடுத்து நம் பேச்சில் படித்துக் காட்டினேன். ஆசிரியர்களின் தவறு என்ற இடத்தை இரண்டு தடவை படித்தேன், அவன் மனம் ஆறட்டும் என்று.

“ஆசிரியருங்கன்னா?”

“நானும் டாக்டரும்.”

“நீங்களா கழுவுனீங்க?”

“இல்ல, ஆனா—”

“கழுவுனது நான். என் பேரு எங்க?”

“அண்ணே, உன்னக் காப்பாத்தத்தான்—”

“எதுலேர்ந்து காப்பாத்துற?” எழுந்துவிட்டான். “நல்ல சேதி வந்தப்ப கடைசி வரியில தியோபிலோ டகும்போய். கெட்ட சேதி வந்தப்ப நான் ஆளே இல்ல. வினிகர் தானா வந்து பட்டுச்சாக்கும்! அழுக்கோட ஒரு பொருளக் குடுத்தா என் தங்கச்சி மானம் போயிரும்னுதான கழுவுனேன்? பதினோரு மாசம் கழுவியிருக்கேன். அது தப்புன்னா தப்புன்னு எழுது. எழுதி என் பேரப் போடு. என்னத் தொடச்சு எறியாத.”

அண்ணி, “அவ நல்லதுக்குத்தான் செஞ்சா” என்றாள்.

“ஆமா. நானும் நல்லதுக்குத்தான் செஞ்சேன்” என்றான். சொல்லிவிட்டுப் படகுப் பக்கம் போய்விட்டான். கடைசி வேன் வரை உட்கார்ந்திருந்தேன். வரவில்லை.

மார்ச் 12

டாக்டர் அவனை அறியாதவன் என்று எழுதினார். நான் அவனை இல்லாதவன் ஆக்கினேன். எது மோசம்?

மார்ச் 20, செவ்வாய்

அண்ணன் வரவில்லை. போன் எடுக்கவில்லை.

மார்ச் 27, செவ்வாய்

வரவில்லை. புனித வாரம், தமிலோக்குக்கு நல்ல கிராக்கி இருக்கும், அதனால்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். கை ஆறி வேலைக்குப் போகிறானாம். அண்ணிதான் சொன்னாள்.

ஜோவிட்டா மேற்குக் கரையிலிருந்து மரத்துண்டு வரவழைக்கலாமா என்று கேட்டாள். அவர்கள் மரம் எதற்கு? முளைக்காது என்று நான் சொன்னது நம் மரத்தில்தானே. முளைக்கும் என்று காட்டவேண்டியதும் நம் மரத்தில்தான்.

ஏப்ரல் 3

ஆய்விதழுக்கு எழுதினேன். அறிவிப்பு இன்னும் அச்சாகவில்லை என்றால் வாசகத்தை மாற்ற வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். புதிய வாசகத்தை டாக்டரிடம் காட்டினேன். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். “ஒருத்தன் பேரு, அவன் ஊரு வழக்கம், நம்ம மூக்கு. இவ்வளவும் ஒரு அறிவிப்புல வேணுமா?” என்றார்.

“நடந்தது அதுதான டாக்டர்.”

“நடந்தது அதுதான்” என்றார். கையெழுத்துப் போட்டார்.

ஏப்ரல் 12

இன்று எனக்கு வாய்மொழித் தேர்வு நடந்திருக்க வேண்டும். தைத்து வைத்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் வேலைக்குப் போனேன். வேறு எப்போது போடுவது? ஜோவிட்டா வாயைப் பிளந்து பார்த்துவிட்டு, அப்புறம் கைதட்டினாள். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்து, சட்டையில் மூக்கைத் துடைத்துக்கொண்டேன்.

ஏப்ரல் 24, செவ்வாய்

ஆய்விதழ் ஒப்புக்கொண்டுவிட்டது. அண்ணிக்குப் போன் செய்து புதிய வாசகத்தைப் படித்துக் காட்டினேன். மறுமுனையில் யாரோ ரேடியோவை நிறுத்துகிற சத்தம். அண்ணி, “இன்னொரு வாட்டி படி, சத்தமா” என்றாள். படித்தேன்.

மே 8, செவ்வாய்

வந்துவிட்டான்! பதினோரு மணிக்கு வாசலில் ஐஸ் பெட்டியோடு நிற்கிறான். ஒரு சமாதானமும் இல்லை, ஒரு மன்னிப்பும் இல்லை. நானும் கேட்கவில்லை.

ஆனால் ஜாடியை நீட்டவில்லை. காவலாளி போகும்வரை காத்திருந்தான். பிறகு காதோடு சொன்னான். “கழுவல.” ஏதோ திருட்டுச் சாமான் கொண்டுவந்த மாதிரி. உள்ளே தமிலோக் ஐந்தும் வழுவழுவென்று, சேற்றோடு, ஒட்டிக்கொண்டு கிடந்தன. “வேன்ல யாராச்சும் எட்டிப் பாத்துருவாங்களோன்னு துண்டப் போட்டு மூடிட்டு வந்தேன். அசிங்கமா இருக்கு மெடிங்” என்றான்.

மே 19

ஐந்தில் ஐந்து.

ஜூன் 5, செவ்வாய்

இதுவரை அண்ணன் கொண்டுவந்தது இருபது. பத்து நாள் தாண்டிய பதினைந்து தட்டில் பதினான்கில் முளைத்திருக்கிறது. எங்கள் விரிகுடாவின் பாக்டீரியா தமிலோக் இல்லாமலே தனியாக, தாராளமாக வாழ்கிறது என்று புதிய ஆய்வேட்டின் முதல் பக்கம் எழுதியாயிற்று. தேர்வு அடுத்த பிப்ரவரியில். கல்லூரி வேலைக்கு இலோய்லோவிலிருந்து ஒருவர் வந்து சேர்ந்துவிட்டார். நல்லவராகத்தான் தெரிகிறார், அதுதான் எரிச்சல்.

இன்று ஆய்விதழ் வந்தது. அண்ணன் வந்ததும் பக்கத்தைத் திறந்து நம் பேச்சில் சொன்னேன்: “மாதிரிகளைச் சேகரித்தவர் தியோபிலோ டகும்போய். இந்தக் கரையின் வழக்கப்படி, பிறருக்குத் தரும் பொருளைச் சுத்தமாகத் தர வேண்டும் என்று அவர் அவற்றை வினிகரில் கழுவினார். அதே கரையில் பிறந்த ஆசிரியர்கள் இருவருக்கும் அந்த வாசனை தெரியவில்லை. ஆகவே முன் கூறிய முடிவு தவறு.”

தன் பெயர் இருக்கிற இடத்தைக் காட்டச் சொன்னான். காட்டினேன். விரலை வைத்தான். தழும்பு இருக்கிற கை. கீழே “தவறு” எங்கே இருக்கிறது என்று கேட்டான். அதையும் காட்டினேன். இரண்டு இடத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “சரியா எழுதியிருக்க” என்றான்.

பிறகு ஜாடியை எடுத்தான். ஜோவிட்டாவும் டாக்டரும் பக்கத்தில் நின்றார்கள். அவர்கள் முன்னால் கொடுக்க அவனுக்குக் கை வரவில்லை. முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு, “கழுவல, தப்பா நெனைக்காதீங்க” என்று ஜாடியை நீட்டினான்.

இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.